தொடக்கப் பள்ளியில் காலை ஜெபம் நடத்துவது எப்படி? கிறிஸ்தவப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு முழுமையான வழிகாட்டி

அரசு உதவி பெறும் கிறிஸ்தவத் தொடக்கப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் தலைமையாசிரியர் கேட்டுவிடுவார்: "நாளைக்கு ஜெபம் நீங்க எடுத்துருங்களேன்." டி.எல்.எட். (தொடக்கப் பள்ளி ஆசிரியர் பட்டயப் படிப்பு) பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் இதே கதிதான். பாடம் நடத்த இரண்டு வருடம் சொல்லித் தந்திருப்பார்கள். ஜெபம் நடத்த யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். கோயிலில் (சர்ச்சைத்தான் இங்கே கோயில் என்போம்) பார்த்ததை அப்படியே பள்ளி முற்றத்துக்குக் கொண்டுவருவார்கள். பத்தாவது நிமிடத்தில் ஒன்றாம் வகுப்பு மண்ணில் படம் வரைய ஆரம்பித்திருக்கும்.

தென்மாவட்டத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பள்ளி ஒன்றை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள், இரண்டு அல்லது மூன்று ஆசிரியர்கள், பிள்ளைகளில் பாதிக்கு மேல் இந்துக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள். ஆர்.சி. (கத்தோலிக்க), டி.இ.எல்.சி. (தமிழ் லுத்தரன்) பள்ளிகளில் பாட்டும் ஜெப வார்த்தைகளும் மாறும். வேலையின் வரிசை பெரும்பாலும் இதேதான்.

1. யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பாட்டு, கதை, ஜெபம் எதைத் தேர்ந்தெடுக்கும் முன்பும் செய்ய வேண்டிய வேலை இது. பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 28(3) ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு நிதி பெறும் கல்வி நிறுவனத்தில் படிக்கும் யாரையும் சமய போதனையில் பங்கெடுக்கவோ வழிபாட்டில் கலந்துகொள்ளவோ கட்டாயப்படுத்தக் கூடாது. விருப்பம் இருந்தால் கலந்துகொள்ளலாம். சிறுவர்களாக இருந்தால் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும். நிர்வாகம் சபையினுடையது என்பதால் இது மாறிவிடாது.

அதனால் சேர்க்கையின்போதே ஒரு தாளில் எழுத்து மூலம் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. "எல்லாரும்தான் வர்றாங்க, யாரும் ஒண்ணும் சொன்னதில்லையே" என்பது பழைய ஆசிரியர்களின் பதில். யாரும் சொல்லவில்லை என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இருக்கும் ஒரே பள்ளி இதுதான் என்றால் தகப்பனார் வாய் திறக்கத் தயங்குவார். கேட்க வேண்டியது நாம்தான்.

வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் ஒரு வேலை இருக்க வேண்டும். வகுப்பறையில் நூலகப் புத்தகம் படிக்கலாம், ஒரு ஆசிரியர் உடன் இருக்க வேண்டும். வெளியே தனியாக நிறுத்தினால் மற்ற பிள்ளைகள் அதைத் தண்டனை என்றே நினைப்பார்கள்.

யெகோவா சாட்சிகள் என்ற சமயப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளை இருந்தால் தேசிய கீதத்தின்போது எழுந்து நிற்கும், பாடாது. கேரளத்தில் இப்படிப் பாடாததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று பிள்ளைகளை மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. மரியாதையாக நின்றால் போதும். புதிய ஆசிரியர் இது தெரியாமல் எல்லார் முன்னாலும் அதட்டிவிட்டு, அப்புறம் பெற்றோரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்.

2. இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

கொடிக்கம்பம் எங்கே இருக்கிறதோ அதைப் பார்த்துப் பிள்ளைகளை நிறுத்துவதுதான் வழக்கம். பல பள்ளிகளில் அதனால் பிள்ளைகள் காலை வெயிலுக்கு நேர் எதிராக நிற்கிறார்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளை எதையும் கேட்காது. சூரியன் பிள்ளைகளின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். வெயில் உங்கள் கண்ணில் படட்டும், பரவாயில்லை.

வேப்பமரத்து நிழலோ நீளமான வராந்தாவோ இருந்தால் முற்றத்தை மறந்துவிடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை நான்கைந்து நிமிடம் நிற்கும். அதற்கு மேல் உட்கார வைக்க வேண்டும். நிற்கிற பகுதி, உட்காருகிற பகுதி என்று முழு ஒழுங்கையும் இரண்டாகப் பிரிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

மொத்தம் பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஜெபம் நீண்டால் முதல் பாடவேளை சுருங்கும். நாள் ஆக ஆக மற்ற ஆசிரியர்களுக்கு ஜெபத்தின் மேலேயே எரிச்சல் வரும்.

பசியையும் கவனியுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதற்கு முன்னால் ஜெபத்தில் மயங்கி விழும் பிள்ளைகளை எல்லாப் பள்ளியும் பார்த்திருக்கும். இப்போதும் தாமதமாக வந்து சாப்பாட்டைத் தவறவிடும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் சாப்பிட்டுவிட்டு ஜெபத்துக்கு வரட்டும். வெறும் வயிற்றில் நிற்க வைத்து, அன்றாட அப்பத்துக்காக ஜெபிக்கச் சொல்வது நன்றாக இல்லை.

3. வாரத்துக்கு ஒரே ஒரு கதை

தினம் ஒரு புதிய வசனம், தினம் ஒரு புதிய கதை என்று ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வாரமே காலியாகிவிடுவார்கள். அப்புறம் செல்போனில் தேடி எதையாவது வாசிப்பார்கள். பிள்ளைகளுக்கும் எதுவும் தங்காது.

வாரத்துக்கு ஒரு கதையை எடுத்து ஐந்து நாளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். திங்களன்று கதையைச் சொல்லுங்கள். செவ்வாய் அதே கதையைப் பிள்ளைகள் நடிக்கட்டும். புதன் ஒரே ஒரு கேள்வி. வியாழன் நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தன் வார்த்தையில் கதையைச் சொல்லட்டும். வெள்ளியன்று அந்தக் கதையிலிருந்து பிள்ளைகளே செய்த ஜெபம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கதை பிடிபடுவது மூன்றாவது தடவை கேட்கும்போதுதான். அதனால் இது சலிக்குமோ என்று பயப்பட வேண்டாம். சலிப்பது நமக்குத்தான்.

கதையைத் தேர்ந்தெடுக்கும்போது அதில் ஒரு சின்னப் பிள்ளையோ, ஓரத்தில் நிற்கும் ஒருவரோ இருக்கிறாரா என்று பாருங்கள். நாகமான் வீட்டில் வேலை செய்த சிறு பெண் (2 இராஜாக்கள் 5), ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த பையன் (யோவான் 6), ராத்திரியில் தன் பேரைக் கேட்டு எழுந்த சாமுவேல் (1 சாமுவேல் 3), மரத்தில் ஏறிய குள்ளமான சகேயு (லூக்கா 19), ஏழை விதவைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்த தொற்காள் (அப்போஸ்தலர் 9), வயலில் கதிர் பொறுக்கிய ரூத். இவற்றை எந்த வீட்டுப் பிள்ளையும் கேட்கும். ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போன கதை, எகிப்தின் பத்து வாதைகள் எல்லாம் இந்த வயதுக்கு வேண்டாம். ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொள்ளலாம்.

ஆண்டு அட்டவணையை ஜூனிலேயே போட்டு வையுங்கள். ஜூனில் புதுப் பிள்ளைகள் அழுதுகொண்டு வருவார்கள். சிநேகம், பயம் நீங்குதல் பற்றிய கதைகள். ஜூலை 15 காமராஜர் பிறந்த நாள், கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறோம். அந்த வாரம் சாமுவேல் பொருந்தும். அறுப்பின் பண்டிகை (விளைச்சலுக்கு நன்றி சொல்லும் நாள்) உங்கள் சேகரத்தில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளில், எப்போது என்று கேட்டு அதற்கு முந்தின வாரம் விதைக்கிறவன் கதை. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு குறுக்கே வரும். அதனால் கிறிஸ்து பிறப்பின் கதையை மாத ஆரம்பத்திலேயே தொடங்கிவிட வேண்டும். லெந்து நாட்களும் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) பெரும்பாலும் ஆண்டுத் தேர்வை ஒட்டியே வரும். இயேசு பட்ட பாடுகளின் கதையைச் சின்னப் பிள்ளைகளிடம் ஆணி, இரத்தம் என்று விவரிக்காமல் சுருக்கமாகச் சொல்லி, உயிர்த்தெழுதல் வரை ஒரே வாரத்தில் கொண்டுபோய்விடுங்கள். புனித வெள்ளியோடு நிறுத்திவிட்டு விடுமுறை விட்டால், பாதிப் பிள்ளைகளுக்குக் கதை அங்கேயே முடிந்துபோகும்.

4. முந்தின நாள் சாயங்காலமே செய்ய வேண்டியவை

காலையில் எதையும் தேடக் கூடாது. சாயங்காலம் பள்ளி விட்டதும் பத்து நிமிடம் போதும்.

பாட்டைத் தொடங்குபவர், வசனம் வாசிக்கும் பிள்ளை, ஜெபம் சொல்லும் பிள்ளை யார் என்று சொல்லிவிடுங்கள். வசனத்தைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக் கொடுங்கள். வேதாகமத்தைக் கையில் கொடுத்தால் பிள்ளை சின்ன எழுத்தில் தடுமாறி, வரி தாண்டி, கடைசியில் அழும். ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்த மொழிபெயர்ப்பு என்பதையும் வருட ஆரம்பத்திலேயே முடிவு செய்து, கடைசிவரை மாற்றாதீர்கள். பழைய மொழிபெயர்ப்பில் ஒரு நாள், புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ஒரு நாள் என்று போனால் மனப்பாடம் குழம்பும்.

மைக் வேண்டுமா? எழுபது எண்பது பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கு வேண்டாம் என்பது என் கருத்து. மைக் இருந்தால் ஆசிரியர் நிறையப் பேசுவார். மின்சாரம் போனால் எல்லாம் நின்றுவிடும்.

5. மணி அடித்ததிலிருந்து அமைதி வரும் வரை

ஒன்றாம் வகுப்பு முன்னால், ஐந்தாம் வகுப்பு பின்னால். உயரத்துக்காக மட்டும் இப்படி நிறுத்துவதில்லை. பின்னால் நிற்கும் பெரிய பிள்ளைகள் பாடினால் அந்தச் சத்தம் சின்னப் பிள்ளைகளின் காதில் விழும், அவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

பலரும் "சத்தம் போடாதே!" என்று கத்தித்தான் ஆரம்பிப்பார்கள். சத்தத்துக்கு மேல் சத்தம், அவ்வளவுதான் நடக்கும். ஒரே ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்: சின்ன மணியை ஒரு தடவை தட்டலாம், அல்லது கையை உயர்த்திக் காத்திருக்கலாம். முதல் வாரம் நேரம் எடுக்கும். அந்த வாரம் முழுவதும் பொறுமையாகக் காத்திருந்தால் அப்புறம் தானாக வரும். இடையில் ஒரு நாள் கத்திவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

தாமதமாக வந்தவர்களை வாசலில் நிறுத்தி வைப்பது, சீருடை இல்லாதவனை முன்னால் கூப்பிடுவது, நகம் பார்ப்பது எல்லாம் இந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் வரவே கூடாது. முதல்நாள் மழையில் சட்டை காயாத பிள்ளையை எல்லார் முன்னாலும் நிறுத்தி வைத்துவிட்டு, அடுத்த நிமிடம் "தேவன் உன்னை நேசிக்கிறார்" என்று சொன்னால் அந்தப் பிள்ளை எதை நம்பும்? தாமதமாக வந்தவர்கள் சத்தமில்லாமல் பின்வரிசையில் சேரட்டும்; காரணத்தை வகுப்பில் கேட்டுக்கொள்ளலாம்.

6. பொதுவானதை முதலில், வழிபாட்டை அப்புறம்

இந்த வரிசைதான் எல்லாவற்றிலும் முக்கியம். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி இரண்டும் நின்றுகொண்டு, முதலில். அதன்பின் பிள்ளைகள் உட்காருகிறார்கள், வழிபாடு தொடங்குகிறது.

காரணம் இரண்டு. முதலாவது, இவை எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியவை. வழிபாட்டில் கலந்துகொள்ளாத பிள்ளைகளும் இதில் நிற்கிறார்கள். எல்லாரும் உட்கார நகரும் அந்தச் சலசலப்பில் அவர்கள் வகுப்பறைக்குப் போய்விடலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வழிபாட்டை நடுவில் வைத்தால் அந்தப் பிள்ளைகள் வந்து, போய், மறுபடி வர வேண்டியிருக்கும். இரண்டாவது, தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. 55 வினாடியில் பாட வேண்டும், எழுந்து நிற்க வேண்டும் என்பது விதி. உட்கார்ந்து கதை கேட்ட பிள்ளைகளை மறுபடி எழுப்பி நேராக நிறுத்துவதற்குள் மூன்று நிமிடம் போய்விடும்.

தேசிய கீதத்தைச் சாயங்காலம் பள்ளி விடும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

7. பாட்டு

ஒரு மாதத்துக்கு இரண்டே பாட்டு. ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது, இன்னொன்று புதியது. புதிய பாட்டை ஜெப நேரத்தில் கற்றுக்கொடுக்காதீர்கள், வகுப்பில் கற்றுக்கொடுங்கள். ஜெபத்தில் கற்றுக்கொடுத்தால் அது பாட்டு வகுப்பாக மாறிவிடும்.

சுருதி பற்றி ஒரு வார்த்தை. ஆண் ஆசிரியர் தன் வசதிக்கு எடுத்தால் பிள்ளைகள் ஒன்று முனகுவார்கள் அல்லது கத்துவார்கள். பாட்டில் மிக மேலே போகும் வரி எது என்று பார்த்து, அதை ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பாட வையுங்கள். கழுத்து நரம்பு புடைத்தால் இறக்குங்கள். பல்லவி மட்டும் பார்த்துவிட்டு ஆரம்பிப்பதால்தான் சரணத்தில் எல்லாம் உடைகிறது.

மூன்று சரணம் உள்ள கீர்த்தனையில் பல்லவியும் ஒரு சரணமும் போதும். நல்ல தமிழில் இருக்கும் கீர்த்தனைகளை விட்டுவிட்டு, கைதட்டலுக்காக மட்டும் பாட்டைத் தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் முழங்கால் உயர நிற்கும் பிள்ளைக்குச் செய்கைப் பாட்டும் வேண்டும். வெள்ளிக்கிழமை அதற்கு.

8. வசனமும் கதையும்

வசனம் ஒரே ஒரு வரி. அது கதையிலிருந்தே வர வேண்டும், தனியாக இருக்கக் கூடாது.

கதை மூன்று நிமிடம். பிரசங்கம் வேண்டாம். முதல் வாக்கியத்திலேயே ஆள் வந்துவிட வேண்டும்: "ஒரு பையன், உங்க ஜான் சார் வகுப்புப் பிள்ளைங்க உசரம் இருப்பான்னு வச்சுக்கோங்க. அவன் பையில அஞ்சு அப்பம், ரெண்டு மீன்." இப்படித் தொடங்கினால் யாரும் மண்ணைக் கிளற மாட்டார்கள். "அன்பான பிள்ளைகளே, இன்றைய தியானத்துக்காக நாம் எடுத்துக்கொண்ட வேதபகுதி..." என்று தொடங்கினால் அங்கேயே போச்சு.

பிள்ளைகள் இடையில் கேள்வி கேட்பார்கள். "யாரு சார் கட்டிக் குடுத்தா, அவங்க அம்மாவா?" வேதத்தில் அம்மா இல்லை. "பைபிள்ல எழுதலப்பா, அம்மாவாத்தான் இருக்கும்னு நானும் நெனைக்கிறேன்" என்று சொன்னால் போதும். எழுதியிருப்பது எது, நாம் நினைப்பது எது என்று பிரித்துச் சொல்லும் பழக்கத்தைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

கதை முடிந்ததும் நீதி சொல்லத் துடிப்போம். அதை அடக்குங்கள். புதன்கிழமைக் கேள்வி அந்த வேலையைச் செய்யும்: "அந்தப் பையன் குடுக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா?" பதில் சரி, தப்பு என்று மதிப்பெண் போடாதீர்கள்.

இன்னொரு பெரிய தவறு, கதையைச் சாக்காக வைத்து மற்ற மதத்தைக் குறை சொல்வது. கார்த்திகையில் மாலை போட்ட பிள்ளை முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். நெற்றியில் திருநீறு இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே விக்கிரகம் என்று பேசுவது அந்தப் பிள்ளையின் வீட்டை அவமானப்படுத்துவது. பொட்டை அழிக்கச் சொல்வது, "ஞாயித்துக்கிழமை யாரெல்லாம் கோயிலுக்குப் போனீங்க, கை தூக்குங்க" என்று கேட்பது இரண்டும் இதே வகைதான். இதற்கெல்லாம் புகார் வந்தால் தாளாளரால் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

9. ஜெபம்

கதைக்கும் ஜெபத்துக்கும் நடுவில் கொஞ்சம் மௌனம். பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள். மௌனம் எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் பொதுவானது, ஜெபிக்க விரும்பாத பிள்ளையும் அதில் சேர்ந்திருக்க முடியும்.

அழைக்கும் விதத்தில் கவனம் வேண்டும். "எல்லாரும் கண்ணை மூடு, கையைக் கூப்பு!" என்பது கட்டளை. "நான் ஜெபம் பண்ணப் போறேன். சேர்ந்துக்க விரும்புறவங்க ஆமென் சொல்லுங்க, மத்தவங்க அமைதியா இருங்க" என்றால் அழைப்பு.

ஜெபம் மூன்று வரிக்கு மேல் போக வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று செய்தது: "ஆண்டவரே, எங்க ஊர் குளத்துக்குத் தண்ணி குடுத்ததுக்கு நன்றி. கடலுக்குப் போன அப்பாக்கள் பத்திரமா திரும்பி வரணும். கணக்குப் பாடம் எங்களுக்குப் புரியணும். ஆமென்." இதைவிட நமக்கு என்ன வேண்டும்? பெரியவர்களின் நீண்ட ஜெப நடையைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்யக் கொடுத்தால், அது ஒப்பிக்கும், அவ்வளவுதான்.

ஜெபக் குறிப்புகளில் எச்சரிக்கை தேவை. "இவனோட அப்பா குடிக்கிறார், அவருக்காக ஜெபிப்போம்" என்று ஆசிரியர் நல்ல மனதோடுதான் சொல்வார். இடைவேளைக்குள் அது பள்ளி முழுக்கக் கேலியாகிவிடும். நோய், கடன், குடி, பெற்றோர் பிரிவு எதையும் பேரோடு சொல்லக் கூடாது. ஒரு பெட்டி வைத்து, பிள்ளைகள் எழுதிப் போடட்டும். ஆசிரியர் வாசித்துப் பார்த்து, பேரில்லாமல் பொதுவாக ஜெபிக்கலாம். அடி, தொடுதல், பட்டினி என்று ஏதாவது அதில் எழுதியிருந்தால் ஜெபத்தோடு விடக் கூடாது. அன்றே தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 எல்லா ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தைக் கடைசியில் சேர்ந்து சொல்வது வழக்கம். நிதானமாக, ஒவ்வொரு சொற்றொடருக்கும் நிறுத்தி. வேகமாகச் சொல்ல விட்டால் ஒரு மாதத்தில் வெறும் ராகமாகிவிடும்.

10. அனுப்புவது

ஆமென் சொன்னதும் ஒரு வாழ்த்து, ஒரு வரி: "சமாதானத்தோடே போங்கள்." வகுப்பு வகுப்பாக எழுந்து போகட்டும், ஒன்றாம் வகுப்பு முதலில்.

அறிவிப்புகளை இங்கே நுழைக்காதீர்கள். ஆதார் நகல், தடுப்பூசி முகாம், பாடநூல் விநியோகம் எல்லாம் வருகைப் பதிவு எடுக்கும்போது வகுப்பறையில் சொல்லலாம். ஜெபத்தின் வாலில் அறிவிப்பை ஒட்டினால், நாளடைவில் அறிவிப்புதான் நீளும், அறிவிப்போடு திட்டும் சேரும். பிறந்தநாள் மிட்டாயும் வகுப்பறையில்தான். ரம்ஜான் நோன்பு இருக்கும் பிள்ளை, வாங்கிக் கொடுக்க வசதியில்லாத பிள்ளை இரண்டையும் நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

11. பிள்ளைகளிடம் ஒப்படைப்பது

ஒழுங்கு மாறாமல் இருந்தால் ஆகஸ்டுக்குள் நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே நடத்துவார்கள். தினம் தினம் புதுமை செய்கிற பள்ளியில் இது நடக்காது, ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று ஆசிரியருக்கு மட்டும்தான் தெரியும்.

மணி, பாட்டு, வசனம், கதை, ஜெபம் என்று ஐந்து பொறுப்பு. வாரம் ஒரு குழு. நன்றாகப் பேசும் இரண்டு பிள்ளைகளையே திரும்பத் திரும்ப நிறுத்தும் ஆசை வரும். விடாதீர்கள். திக்கிப் பேசும் பிள்ளைக்கு மணியில் தொடங்கி, அடுத்து ஒரு வரி வசனம். கிறிஸ்தவரல்லாத வீட்டுப் பிள்ளை ஜெபம் சொல்ல விரும்பினால் சொல்லட்டும், ஆனால் பொறுப்பை நீங்களாகத் தலையில் கட்டாதீர்கள். மணியும் கதை நடிப்பும் யாருக்கும் தரலாம்.

12. வழக்கம் மாறும் நாட்கள்

மழை நாளில் ஒவ்வொரு வகுப்பிலும் தனித்தனியே, ஐந்து நிமிடம்: ஒரு பாட்டு, கதையில் ஒரு பகுதி, ஜெபம். பங்கெடுக்காத பிள்ளைகள் அப்போது ஒரே அறையில் சேர்ந்து இருக்கட்டும்.

நீங்கள் விடுப்பில் போகும் நாளுக்கு அந்த வாரத்து அட்டைகளை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போங்கள். மற்ற ஆசிரியர் கிறிஸ்தவரல்லாதவராக இருந்தால் அவரை ஜெபிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். பிள்ளைகளின் குழு நடத்தும், அவர் கூட இருந்து பார்த்துக்கொண்டால் போதும்.

சேகர குருவானவரோ தாளாளரோ வரும் நாள்தான் கொஞ்சம் சங்கடம். பெரியவர்கள் மைக் இல்லாமலேயே இருபது நிமிடம் பேசுவார்கள். முந்தின நாளே போனில் அழைத்து, "ஐயா, இந்த வாரம் சகேயு கதை போயிட்டிருக்கு. நீங்க மரத்துல ஏறுற இடத்தை மட்டும் மூணு நிமிஷத்துல சொன்னா பிள்ளைங்க சந்தோஷப்படுவாங்க" என்று கேட்டுவிடுங்கள். குறிப்பாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் அதற்குள் முடித்துவிடுகிறார்கள். முடிக்கவில்லையா? மணிப் பொறுப்பில் இருக்கும் பிள்ளையை அடுத்த பாட்டுக்குத் தயாராக எழுந்து நிற்கச் சொல்லி வையுங்கள்.